ஆறாத் துயரமும் ஆற்றுப்படுத்தலும்: யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வளர்ந்த கதை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவது அரிது. "நெஞ்சுக்குள்ளை அடைச்சுக்கொண்டு கிடக்கு", "தலையிடி விடுகுதில்லை", "இரவிலை நித்திரை இல்லை, ஒரே யோசனை" என்றுதான் பேச்சுத் தொடங்கும். பிற இடங்களில் சிந்தனையைக் குறிக்கும் 'யோசனை' என்ற சொல் குடாநாட்டில் கவலையையும் குறிக்கும். மனத்தின் நோவை உடம்பின் மொழியில் சொல்வது எங்கள் வழக்கம். அந்த மொழியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கூடிய ஒரு மருத்துவம் இந்த மண்ணில் எப்படி வளர்ந்தது, எதுவரை வளர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முன்னொரு காலத்தில் மனநோய் என்றால் எங்களவர்க்குத் தெரிந்த பெயர் அங்கொடை. கொழும்புக்கு அண்மையில் 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையின் பெயர் காலப்போக்கில் வசைச்சொல்லாகவே மாறிற்று. அங்கே ஒருவரை அனுப்பினால் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் கலியாணம் தடைப்படும் என்ற பயத்தில் நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்துவைத்தவர்கள் பலர். மற்றவர்கள் பரிகாரியாரிடம் போனார்கள், நூல் கட்டினார்கள், கோயிலில் நேர்த்தி வைத்தார்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் துன்பப்பட்டவர் சொல்வதை ஒருவர் இருந்து கேட்டார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பெறுமதி பின்னர்தான் தெரியவந்தது.

இன்னொரு பழைய செய்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை ஆங்கிலம் அறியாதவருக்கும் கற்பிக்க முடியும் என்று மானிப்பாயில் நிறுவிக் காட்டினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களைப் பயிற்றினார். உடலுக்கு அவர் செய்ததை உள்ளத்துக்குச் செய்ய நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அதற்கான அவசியத்தைப் போர் கொண்டுவந்தது.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கிற்று. அதன் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வடக்கில் இருந்து பணியாற்றிய மிகச் சில மனநல மருத்துவர்களுள் ஒருவர். 1987ஆம் ஆண்டில், இந்திய அமைதிப்படையின் வருகையும் ஒக்டோபர்ப் போரும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிப் படுகொலையும் நிகழ்ந்த அதே ஆண்டில், உளவளத்துணைக்கென 'சாந்திகம்' என்ற நிறுவனம் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. சோமசுந்தரம் தமிழில் எழுதிய 'மனவடு', ஆங்கிலத்தில் 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' ஆகிய நூல்கள் போர் தமிழ் மக்களின் மனத்தில் விட்டுச்சென்றதை ஆவணமாக்கின. நாடக அரங்கும் சும்மா இருக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர்க்கால மன நெருக்கீட்டையே பொருளாக எடுத்துக்கொண்ட நாடகம்.

மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். பாதிக்கப்பட்டவர்களோ ஊர் முழுதும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வெளியேறிய பின்னர், ஒவ்வொருவரையும் தனித்தனியே மருத்துவரிடம் கொண்டுபோவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஆசிரியர்கள், கிராமமட்டச் சுகாதாரப் பணியாளர்கள், தொண்டர்கள் ஆகியோரைப் பயிற்றுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் 1996இல் வெளியிட்ட அகதிகள் உளநலக் கைந்நூலைத் தழுவி, தமிழ்ச் சமூகத்துக்கு ஏற்றதொரு நூலை சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் ஆக்கியளித்தனர்.

அந்தப் பணியில் பிறந்த சொற்களே ஒரு தனி வரலாறு. உளவளத்துணை, சீர்மியம், நெருக்கீடு, உளசமூகப் பணி ஆகியவை ஈழத்தில் புழக்கத்துக்கு வந்தன. அவற்றுள் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது 'ஆற்றுப்படுத்தல்'. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பிய பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைக் கண்டு, தான் போன வழியைச் சொல்லி அனுப்புவது சங்க காலத்து ஆற்றுப்படை. 'ஆற்றுதல்' என்றால் துயர் தணித்தல். வழி தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்ட மனத்துக்கு இவ்விரண்டும் தேவை. வழிகாட்டுபவனும் அந்த வழியால் நடந்தவன் என்பது இந்தச் சொல்லுக்குள் இருக்கும் இன்னொரு உண்மை. குடாநாட்டில் ஆற்றுப்படுத்த முன்வந்தவர்களில் பலர் தாமும் இடம்பெயர்ந்தவர்கள், தாமும் இழந்தவர்கள்.

சிகிச்சை முறைகளும் ஊருக்கு ஏற்ப மாறின. தசைகளைத் தளர்த்தி மூச்சைச் சீராக்கும் பயிற்சியை மேலைநாட்டுப் பெயரில் சொன்னால் அந்நியமாகத் தோன்றும். அதையே சாந்தியாசனமாகவும் பிராணாயாமமாகவும் சொன்னால் மூத்தவர்களுக்கும் பிடிபடும். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வழிபாட்டிலிருந்தே மனத்தை அமர்த்தும் வழியை எடுத்துக்கொள்ளலாம் என்று சோமசுந்தரம் எழுதினார்.

சுனாமிக்குப் பின் இது ஆய்வுக்கும் உள்ளாயிற்று. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோடு உள்ளூர் உளவளத்துணையாளர்கள் இணைந்து, போராலும் 2004 டிசம்பர் அலையாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்குக் கரையோரச் சிறுவர் 31 பேருக்கு ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினருக்கு எடுத்துரைப்புச் சிகிச்சை. பிறந்த நாள் முதல் இன்றுவரையான வாழ்க்கையைக் கயிறாக நிலத்தில் விரித்து, நல்லவை நடந்த இடத்தில் பூவும் கெட்டவை நடந்த இடத்தில் கல்லும் வைத்து, முறைப்படி கதையாகச் சொல்ல வைப்பது அதன் வழி. பேரதிர்ச்சியின் நினைவுக்குத் தேதியும் இடமும் கிடையாது. அதனால்தான் அது இப்போதே நடப்பதுபோல் மீண்டும் மீண்டும் வருகிறது. கதையாகச் சொல்லும்போது அது 'அன்று, அங்கே' என்ற இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களின் பின் முதல் குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாம் குழுவில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூரவரும் முறையாகப் பயின்றால் குணப்படுத்தலாம் என்பதற்கும், எங்கள் பழைய பயிற்சிகள் அப்படியொன்றும் பின்தங்கவில்லை என்பதற்கும் அது சான்று.

எந்தக் கயிற்றில் எந்தக் கல்லை வைப்பது என்றே தெரியாத துயரம் ஒன்றும் உண்டு. அதுதான் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடையது. இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பின், 1996இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 600 பேர் காணாமற்போனதாக மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. இறந்தார் என்றால் எங்களுக்குச் செய்முறை உண்டு. எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, கீரிமலைக் கடலில் கரைக்கும் சாம்பல் உண்டு. ஒப்பாரி என்பதே ஊர் கூடிச் செய்யும் ஆற்றுப்படுத்தல் அல்லவா! உடலே இல்லாதபோது எதைச் செய்வது? அந்தியேட்டி செய்தால் உயிரோடு இருப்பவனுக்குக் கொள்ளி வைத்ததாகாதா? மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்விகள் எழும்; ஒரு நாளும் விடை வராது.

வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பௌலின் பாஸ், இத்தகைய இழப்பினால் வருவதை உறைந்த துயரம் என்றார். குற்றம் அந்த மனத்தில் இல்லை, அந்த நிலையில்தான் இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். ஆகவே "இனி மறந்துவிடுங்கள்" என்று சொல்வது சிகிச்சையாகாது. "அவன் வரலாம், வராமலும் போகலாம், இரண்டையும் வைத்துக்கொண்டு நான் சமைப்பேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவேன்" என்று இரண்டையும் ஒருசேரத் தாங்கப் பழக்குவதே இங்கே செய்யக் கூடியது. அதற்கு ஒத்த துயருடையோர் கூடியிருந்து பேசும் குழுக்கள் பேருதவி. அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு 2015 முதல் இலங்கையில் இத்தகைய குடும்பங்களுக்கு இவ்வகையில் துணை நின்றிருக்கிறது. மட்டக்களப்பில் தொண்ணூறுகளில் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு அழுததையும், குடாநாட்டில் தூக்குக்காவடி எடுத்ததையும் மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆற்றுப்படுத்தலின் மக்கள் வடிவங்களாகவே அவற்றையும் கொள்ள வேண்டும்.

இந்த மருத்துவத்துக்கு எல்லையும் உண்டு. போர் முடிந்த 2009இல் யாழ். மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பொன்று, 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் கண்டது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீடு 7 வீதம். ஆனாலும் அந்தக் காலத்தில் வன்னியில் உளசமூகப் பணிகளுக்கு அரச அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 2016இல் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. அது காணி, வங்கிக் கணக்கு அலுவல்களுக்கு உதவும். தாயின் கேள்விக்கு அது பதிலாகாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரிலும் தந்தைமாரிலும் பலர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

2025இல் செம்மணி மீண்டும் பேசியது. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தையின் பாற்போத்தலும் பொம்மையும் பள்ளிப் பையும் அவற்றுள் இருந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி அப்பொருட்களை மக்கள் வந்து அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தபோது, கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

உறைந்த மனத்தை அசைய வைக்க உளவளத்துணையால் முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் நாற்பதாண்டு அனுபவம் சாட்சி. நித்திரை வரும், நெஞ்சடைப்புக் குறையும், பிள்ளைகளோடு சிரிக்க முடியும். ஆனால் உளவளத்துணையாளரால் எலும்புக்குப் பெயர் சொல்ல முடியாது. அந்தப் பெயரைச் சொல்லும் கடமை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. அது நிறைவேறும் நாளில்தான் பல வீடுகளில், முப்பது ஆண்டு பிந்தியாவது, அந்தியேட்டிக்கு நாள் குறிக்கலாம். அதுவரை அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்க ஒருவர் வேண்டும். அவர் பயின்றவராகவும் எங்கள் மொழியில் 'யோசனை' என்றால் என்னவென்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.