குழுவாக இருந்தால் குழு ஆகிவிடுமா?

நான் ஏழாம் ஆண்டு படித்தபோது குழுச் செயற்பாடு எண்டால் வகுப்பே குதூகலிக்கும். மேசைகளை இழுத்து ஒண்டாகப் போடுவோம். ஒரு குழுவுக்கு ஒரு டிமை தாள், ரெண்டு பிளற்றிக்னம் பேனை. வடிவாக எழுதுகிற பிள்ளை எழுதும். கெட்டிக்காரப் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும். மிச்சம் நாலு பேரும் தாளின் மூலைகளைப் பிடித்துக்கொண்டிருப்போம். கடைசியில் ஆறு பேரின் பெயரும் கீழே வரும். “எல்லாரும் சேர்ந்துதானே செய்தனீங்கள்?” எண்டு ரீச்சர் கேட்பா. “ஓம் ரீச்சர்!”

மூலை பிடித்தவர்களில் நானும் ஒருத்தன். அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

2007இல் ஆறாம், பத்தாம் தரங்களில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் அறிமுகமானதிலிருந்து குழுச் செயற்பாடு எங்கள் வகுப்பறைகளுக்குப் பழகிப்போன சொல். ஆனால், பிள்ளைகளுக்குச் சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது எப்படி என்ற கேள்வி அதைவிடப் பழையது. அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிறவெறி இருந்தது, பிள்ளைகளுக்கிடையிலான அடிதடி இருந்தது.

1954ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு மே மாதம், வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அரச பாடசாலைகள் வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கோடன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் தப்பெண்ணம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். இரண்டு சாராரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் மட்டும் பகை தீராது. சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவும் வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அந்தக் கோடையில் ஒக்லஹோமாவில், முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பெடியன்கள் 22 பேரை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு முகாமில் வைத்தார். கயிறிழுத்தல், பேஸ்போல் என்று போட்டிகள் நடந்தன. கொஞ்ச நாளிலேயே கொடியை எரிப்பதும் குடிலுக்குள் புகுந்து குழப்புவதுமாகப் போய்விட்டது. இரண்டு அணியையும் ஒண்டாகச் சாப்பிட விட்டபோது சாப்பாட்டைத் தூக்கி எறிந்து சண்டை பிடித்தார்கள். நிலைமை மாறியது, தனித்துச் செய்ய ஏலாத வேலைகள் வந்த பிறகுதான். ஒருநாள் முகாமின் லொறி ‘நின்றுபோனது’. கயிறிழுத்தல் போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லொறியில் கட்டி, ரெண்டு அணியும் சேர்ந்து ஒரே பக்கம் இழுத்தார்கள். சண்டையை மூட்டியதில் ஆய்வாளர்களுக்கும் பங்கு இருந்தது என்று இந்தப் பரிசோதனை பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனாலும் கயிற்றின் பாடம் நிலைத்தது.

தீர்ப்பு வந்து 17 வருடம் கழித்து, 1971இல், ரெக்சாஸ் மாநிலத்தின் ஓஸ்ரின் நகரப் பாடசாலைகளில் வெள்ளையின, கறுப்பின, மெக்சிக்க வம்சாவழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருத்தப்பட்டார்கள். சண்டை வெடித்தது. கல்வி நிர்வாகம் அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எலியட் ஆரொன்சனிடம் உதவி கேட்டது. அவர் சிறுவயதில் யூதப் பெடியன் என்பதற்காகத் தெருவில் அடி வாங்கியவர்.

ஆரொன்சனும் மாணவர்களும் முதலில் வகுப்பின் பின்னால் இருந்து பார்த்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பத்துக் கை மேலே போகிறது. ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தோசம், தங்களுக்குச் சந்தர்ப்பம் வருகிறதே! ஒருத்தரின் தோல்வி மற்றவருக்கு லாபமாக இருக்கும் இடத்தில் ஒற்றுமையைப் பற்றி எவ்வளவு பிரசங்கம் செய்தும் பிரயோசனமில்லை என்று அவர்களுக்குப் பட்டது.

அவர்கள் அறிவுரை சொல்லவில்லை, வேலையைப் பிரிக்கும் விதத்தை மாற்றினார்கள். உதாரணத்துக்கு, யோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு ஒரு பாடம். அதை ஆறு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். ஒரே துண்டு கிடைத்த பிள்ளைகள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து கூடிப் பேசித் தெளிவார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற ஐந்து பேருக்கும் படிப்பிப்பார்கள். கடைசியில் முழுப் பாடத்திலும் சோதனை. அதை ஒவ்வொருவரும் தனியாகத்தான் எழுதவேண்டும். படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டின் பெயரையே வைத்து இதை ஜிக்சோ முறை என்றார்கள்.

இந்த முறையை விளக்க ஆரொன்சன் ‘கார்லோஸ்’ என்ற மெக்சிக்க வம்சாவழிப் பெடியனின் கதையைச் சொல்வார். அவனுக்கு ஆங்கிலம் தடக்கும். அவனுடைய முறை வந்தபோது மற்றவர்கள் நக்கலடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் ஏசவில்லை. பகிடி பண்ணலாம், ஆனால் அவனுடைய பகுதி சோதனைக்கு வரும், அது அவனிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அவனிடம் நல்ல கேள்விகள் கேட்கப் பழகினார்கள். அவன் பேசப் பழகினான்.

சில வாரங்களில், வழமையான வகுப்புகளோடு ஒப்பிட்டபோது, இந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒருவரை ஒருவர் கூடப் பிடித்திருந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளின் புள்ளிகள் ஏறியிருந்தன, வெள்ளையினப் பிள்ளைகளின் புள்ளிகள் குறையவில்லை. இது மந்திரக்கோல் இல்லை. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் ஒரு துண்டு குறையும். கெட்டிக்காரருக்குச் சில நேரம் அலுக்கும்.

எங்களிடம் வருவோம். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வரைக்கும் பக்கத்தில் இருக்கிறவனை முந்து எண்டு சொல்லி வளர்க்கிறோம். அடுத்த வருடம் அவனோடு குழுவாகச் சேர் எண்டு டிமை தாளை நீட்டுகிறோம். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில். எப்போதாவது ஒரு நாள் கூட்டி வந்து, பாட்டுப் பாட வைத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு நல்லிணக்கம் என்கிறோம். ஆல்போர்ட் 1954இலேயே போதாது என்று சொன்ன காரியம் இது.

ஊரில் மாலை வகுப்பு எடுக்கிற தோழர்கள் எங்களுக்குள் கனபேர் இருக்கிறார்கள். அடுத்த கிழமை ஒரு பாடத்தை ஆறு துண்டாக்கிப் பாருங்கோ. ஆகவும் கதைக்காத பிள்ளையின் கையில் ஒரு துண்டைக் கொடுங்கோ. அந்தப் பிள்ளையிடமிருந்து மட்டுமே அதைத் தெரிந்துகொள்ளலாம் எண்ட நிலை வரட்டும். மூலை பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் கேட்கிறேன்.