கியூ தோட்டத்து ஓக் மரம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். இலையுதிர் காலம் அந்தக் கணக்கில் இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தது 1986இல், மேற்கு லண்டனில் ஒரு பொறியியல் நிறுவனத்துக்கு வரைபட வேலைக்குப் போனபோதுதான்.

ஈலிங்கில் ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில் எனக்கு அறை. ஞாயிற்றுக்கிழமை 65ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் கியூ தாவரவியல் பூங்காவில் இறங்கலாம். அக்டோபரில் அங்கே சில மரங்கள் மஞ்சளாகும், சில குங்குமமாகும். ஓக் மரம் மட்டும் அவசரப்படாது. அக்டோபர் பாதியிலும் இலையோடுதான் நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1987 அக்டோபர் 15, வியாழக்கிழமை. மதியம் பிபிசி தொலைக்காட்சியில் வானிலை சொன்ன மைக்கேல் ஃபிஷ், ஹரிகேன் வருகிறதாமே என்று ஒரு பெண்மணி போன் செய்து கேட்டதாகச் சொல்லி, கவலை வேண்டாம், அப்படி எதுவும் இல்லை என்று சிரித்தார். அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில் இருந்த வேறொரு புயலைத்தான் குறிப்பிட்டேன் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். ஆனால் ஊர் அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை.

அன்று நள்ளிரவுக்கு மேல் எனக்குத் தூக்கம் கலைந்தது. நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். புயல் சத்தம் எனக்குத் தெரியாதா? கீழே இறங்கி வீட்டுக்கார அம்மாளை எழுப்பினேன். "வெறும் காற்றுதான், போய்ப் படு" என்றார். சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. கூரை ஓடுகள் தெருவில் விழுந்து உடையும் சத்தம் விடியும் வரை கேட்டது.

காலையில் பார்த்தால் தெருவை அடைத்துக்கொண்டு மரங்கள். ரயில் இல்லை. இங்கிலாந்தில் 18 பேர் இறந்தார்கள். ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. கென்ட் மாவட்டத்தில் செவன் ஓக்ஸ் என்று ஓர் ஊர் உண்டு. ஏழு ஓக் மரங்கள் என்று பொருள். ஏழாம் எட்வர்ட் முடிசூடிய 1902இல் அங்கே நட்ட ஏழு மரங்களில் ஆறு அன்று ஒரே இரவில் சாய்ந்தன.

அத்தனை மரம் விழுந்ததற்கு இலையுதிர் காலமும் ஒரு காரணம். இலைகள் இன்னும் கொட்டி முடியவில்லை. ஒவ்வொரு மரமும் பாய் விரித்த தோணி மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்திய நாட்களில் பெய்த மழையில் மண்ணும் ஊறி இளகிக் கிடந்தது. ஒரு மாதம் கழித்து, இலை கொட்டிய பிறகு இதே காற்று வந்திருந்தால் பல மரங்கள் தப்பியிருக்கும்.

கியூவில் மட்டும் சுமார் 700 மரங்கள் போயின. அங்கே 1798இல் நட்ட டர்னர் ஓக் என்று ஒரு பெரிய மரம். புயல் அதை வேரோடு கொஞ்சம் தூக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டது. அதற்கு முன்பே அது நோஞ்சானாகத்தான் இருந்தது. இனி பிழைக்காது என்று நினைத்தவர்கள், முட்டுக்கொடுத்துவிட்டு விழுந்த மரங்களை அப்புறப்படுத்தப் போய்விட்டார்கள். அந்த வேலை முடிய மூன்று வருடம் ஆயிற்று. 1990இல் ஊர் திரும்புமுன் கடைசியாக ஒரு முறை போய்ப் பார்த்தேன். மரம் அடர்ந்து செழித்து நின்றது.

காரணத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு, அந்தத் தோட்டத்தின் மர நிபுணர் டோனி கிர்க்காம் சொன்னதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அந்த மர நிழலில் ஒதுங்கி நின்று, மண் மிதிபட்டு இறுகிப் போயிருந்தது. வேருக்குக் காற்றும் தண்ணீரும் சரியாகப் போகவில்லை. புயல் ஓர் உலுக்கு உலுக்கி மண்ணை இளக்கிவிட்டது. அதன் பிறகு கியூவில் பழைய மரங்களைச் சுற்றி மண்ணை இளக்குவதையே ஒரு வைத்தியமாக வைத்துக்கொண்டார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையேறியது. அண்ணன் தோப்பில் 140 தென்னை விழுந்தன. தஞ்சாவூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வித்துடலாம்டா தம்பி" என்றார்.

அன்று இரவு அவருக்கு டர்னர் ஓக் கதையைச் சொன்னேன். "போடா, ஒன் லண்டன் கதையும் நீயும்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு அவர்தான் முதலில் கிளம்பினார். காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் போனது போனதுதான். சாய்ந்து கிடந்த தென்னம்பிள்ளைகள் 31ஐ நிமிர்த்தி முட்டுக்கொடுத்தோம். 19 பிழைத்தன.

வீட்டோரம் ஒரு மாமரம். அதன் நிழலில்தான் இருபது வருடமாக டிராக்டரை நிறுத்தி வைப்பார் அண்ணன். வருடம் பத்துக் காய்கூடக் காய்க்காது. அதுவும் பாதி சாய்ந்திருந்தது. முட்டுக்கொடுத்து, சுற்றிலும் மண்ணைக் கொத்திவிட்டோம். டிராக்டர் வேறிடம் போயிற்று. 2021 கோடையில் அந்த மரம் காய்த்த காயை அண்ணன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். அந்த வருடம் ஐப்பசியில் அவர் காலமானார். தோப்பை விற்கவில்லை.

போன வாரம் அண்ணன் மகன் புதுக் கார் வாங்கி வந்தான். "சித்தப்பா, மாமரத்தடியில நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டான்.

வெயிலிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.