பொன்னும் சொல்லும்

ஒரு மொழியின் சொற்களை ஊன்றி நோக்குவோமாயின், அதனைப் பேசிய மக்கள் எதனைப் போற்றினர், எதனை ஐயுற்றனர், எதனை மறந்தனர் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். ஆங்கில மொழியில் பொன்னைச் சுற்றி வளர்ந்துள்ள சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

'கோல்டு' என்பது செருமானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் 'எல்லோ' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. பின்னர் இலத்தீனிலிருந்தும் பொன் சார்ந்த சொற்கள் வந்து கலந்தன. புனிதர்களின் தலையைச் சூழ்ந்து ஓவியர் தீட்டும் ஒளிவட்டத்தை ஆங்கிலேயர் 'ஆரியோல்' என்றனர். பொன்முடி என்பது அதன் மூலப்பொருள். எளிய மக்களோ தம் தோட்டத்தில் மலர்ந்த மஞ்சட் பூவுக்கு மரியன்னையின் பெயரைச் சேர்த்து, 'மேரிகோல்டு' என அழைத்தனர். அமெரிக்காவிலிருந்து வந்த செண்டுமல்லிக்கும் பின்னாளில் அப்பெயரே வழங்கலாயிற்று. இவை போற்றுதலில் பிறந்த சொற்கள்.

ஆயினும் பொன் மயக்குவது. போலியும் அதைப் போலவே ஒளிர்வது. எனவே சோதனையைக் குறிக்கும் சொற்களும் தோன்றின. நாம் கட்டளைக்கல் என்பதை அவர்கள் 'டச்ஸ்டோன்' என்றனர். மாற்றுக் குறைந்த உலோகத்தை நைட்ரிக் அமிலம் அரிக்கும். தூய பொன்னை அது தீண்டாது. இதனின்று பிறந்த 'ஆசிட் டெஸ்ட்' என்னும் தொடர் இன்று எந்தக் கடுஞ்சோதனைக்கும் வழங்குகிறது. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் தம் பொருள்களைத் தம் கழகத்தின் மன்றத்திற்குக் கொணர்ந்து, சோதனைக்குட்படுத்தி முத்திரை பெற வேண்டியதாயிற்று. நம் நகைக்கடைகளிலும் வழங்கும் 'ஹால்மார்க்' என்னும் சொல்லுக்கு 'மன்றத்தின் முத்திரை' என்பதே பொருள்.

மூன்றாவது வகைச் சொல்லிலேதான் நம் உள்ளம் தடைப்பட்டு நிற்கிறது. 1663இல் இங்கிலாந்தில் ஒரு பொற்காசு வெளிவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையிலிருந்து வந்த பொன் அதில் இருந்தமையால் மக்கள் அதனைக் 'கினி' என்றனர். அப்பொன்னைக் கொணர்ந்த வாணிபக் குழுவின் அடையாளமாக, சில காசுகளில் அரசரின் தலைக்குக் கீழே ஒரு சிறு யானை பொறிக்கப்பட்டது. அக்குழு பொன்னை மட்டும் ஏற்றவில்லை, மனிதரையும் ஏற்றியது. 1672இல் அதன் இடத்தைப் பெற்ற அரச ஆப்பிரிக்க நிறுவனம் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கடல் கடத்தியது. காசின்மேல் முத்திரை பதித்தது போலவே அம்மக்களின் உடல்மீதும் சூட்டுக்கோலால் முத்திரை பதிக்கப்பட்டது.

கினியின் மதிப்பு 1717இல் 21 ஷில்லிங் என நிலைநாட்டப்பட்டது. நூறாண்டுக்குப்பின் அக்காசு மறைந்தது, சொல் மறையவில்லை. 1971இல் பதின்ம நாணயமுறை வரும்வரை மருத்துவரும் வழக்கறிஞரும் தம் கட்டணத்தைக் கினிக் கணக்கில் கூறுவது கண்ணியத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அச்சொல்லுக்குள் அடைபட்டிருந்த அழுகுரல் எவர் செவியிலும் விழவில்லை.

அதே 17ஆம் நூற்றாண்டிலேதான் இன்னொரு தொடரும் ஆங்கிலத்தில் பரவியது. பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதை நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் எனும் ஆண்டவரின் போதனையை இறையியலார் 'பொன் விதி' எனப் போற்றினர். மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் அப்போதனை உண்டு. அங்கே பொன் என்னும் சொல் இல்லை. தாம் மிக உயர்வாக மதித்த பொருளின் பெயரை மக்கள் அதற்குச் சூட்டினர். ஒரே நாடு, ஒரே காலம்: நாவில் பொன் விதி, கையில் கினி. ஒன்றை மற்றொன்றில் உரைத்துப் பார்க்கத் துணிந்தவர் நெடுங்காலம் வெகு சிலரே. அடிமை வாணிபத்தைப் பிரிட்டன் சட்டத்தால் தடை செய்தது 1807இல்தான்.

இது பிறர் கதையெனக் கருதி நாம் அமைதியுற இயலாது. கினிக்குப்பின் 1817இல் வந்த ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள பொற்காசின் பெயர் 'சாவரின்'. அதுவே நம் நாவில் 'சவரன்' ஆயிற்று. ஆங்கிலேயரின் 'பவுண்டு' நமக்குப் 'பவுன்' ஆயிற்று. காசு நம்மைவிட்டு நீங்கியது, கணக்கு நிலைத்துவிட்டது. பெண்ணுக்கு எத்தனை சவரன் போடுவீர்கள் என்னும் கேள்வி இன்றும் நம் திருமணப் பேச்சுகளில் கூச்சமின்றி எழுகிறது. மனிதரைப் பொன்னால் எடை போடும் வழக்கம் கினிக் கடற்கரையோடு முடிந்துவிடவில்லை.

பொன்னைச் சோதிக்கக் கல் உண்டு, அமிலம் உண்டு. அந்தக் கேள்வியைச் சோதிக்கவும் நம்மிடம் ஒரு கட்டளைக்கல் இருக்கிறது. அதில் உரைத்துப் பார்க்க நாம் ஆயத்தமா என்பதே எஞ்சி நிற்கும் வினா.