ரத்தம் கம்மி

எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காக்கள் மூச்சு வாங்கினாலும், தலை சுற்றினாலும் சொல்வது ஒன்றுதான்: "ரத்தம் கம்மிங்க." பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை என்று வைத்தியமும் தயார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ரத்தசோகை என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம் என்று எனக்குப் புரியவைத்தது இன்னொரு ஜவுளி நகரத்தின் கதை.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளிப் பெண்களைக் கர்ப்பகாலத்தில் வாட்டிய கடும் ரத்தசோகையை ஆராய்வது அவர் வேலை. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்தப் பெண்களுக்கோ அவை பெருத்திருந்தன. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரியவந்தது.

அதை 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியது எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காதி உடுத்திப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானவர். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். அந்த நோயில் வரும் ரத்தசோகைக்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது.

அப்புறம்தான் கதை திரும்புகிறது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். புற்று இன்னும் வேகமெடுத்தது. காரணம் எளிது. தீவிர ரத்தப்புற்றில் முதிராத வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும். சிவப்பணு உருவாக இடமிருக்காது. வெளியே தெரிவது அதே வெளிறிய முகம்தான். ஆனால் கொடுக்கும் சத்தைப் புற்றணுக்கள் தின்றுவிடும்.

அப்படியானால் சத்தை மறித்தால்? ஃபோலிக் அமிலம் போலவே தோன்றி அணுவை ஏமாற்றும் அமினாப்டெரினை சுப்பாராவின் குழு அனுப்பியது. 16 குழந்தைகளில் 10 பேர் தேறியதாக 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். அந்த நிவாரணம் சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் மருந்தால் ரத்தப்புற்றைப் பின்வாங்க வைக்கலாம் என்பது நிரூபணமானது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினாப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப்புற்றுக்குத் தரப்படுகிறது.

ஒரே சத்து ஒருத்திக்கு உயிர், இன்னொருத்திக்கு விஷம். மாத்திரை தின்றும் சோர்வு போகவில்லை, விட்டுவிட்டுக் காய்ச்சல், ஈறில் ரத்தம், அடிபடாமலே கன்றிய தோல் என்றால், முருங்கைக்கீரையை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் ஒரு சாதாரணப் பரிசோதனை, இது எந்த "கம்மி" என்பதற்கு முதல் துப்பைக் கொடுத்துவிடும்.