மிருதங்கமும் ஹான் விண்டோவும்

போன மாசம், செஞ்சிக்குப் பக்கத்தில வல்லத்துல இருக்கிற எங்க வீட்டில், அக்கா பையனோட மிருதங்கத்தை டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன். மைக் வைத்து, வலந்தலையில் ஒரே ஒரு அடி. எஃப்எஃப்டியில் நான்கு முகடுகள் தெரிந்தன. ஐந்தாவதைக் காணோம். சி.வி. ராமன் சொன்னதே தப்போன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு.

ராமன் என்ன சொன்னார்? ஒரே சீரான தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் பல தோல் கருவிகளில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தில் நடுவே பூசும் கரணை இதை மாற்றிவிடுகிறது. முதல் ஐந்து ஒலிகளும் ஏறக்குறைய 1:2:3:4:5 என்று அமைகின்றன. 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934-ல் விரிவாக எழுதியபோது, இந்த ஐந்து ஒலிகளுக்குப் பின்னால் ஒன்பது அதிர்வு முறைகள் இருப்பதைக் காட்டினார். கூலியும் டூக்கியும் எஃப்எஃப்டி வழிமுறையை வெளியிட்டது 1965-ல்தான். ராமன் தோல் மேல் மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்குதுன்னு பார்த்தார்.

சரி, என் தப்பு எங்கே? விண்டோவில்.

எஃப்எஃப்டி, நாம் பதிவு செய்த துண்டு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் பொருந்தாவிட்டால், ஒரு அதிர்வெண்ணின் ஆற்றல் பக்கத்து இடங்களுக்கும் கசியும். ஓரங்களைப் படிப்படியாகப் பூஜ்ஜியமாக்கி இதைக் குறைப்பதுதான் விண்டோவின் வேலை. ஹான் விண்டோவுக்குப் பெயர் தந்தவர் ஜூலியஸ் ஃபான் ஹான், ஆஸ்திரிய வானிலை அறிஞர். அதுக்கும் ஆசிலோஸ்கோப்புக்கும் சம்பந்தமே இல்லை! பிளாக்மனும் டூக்கியும் 1958-ல் அவர் பெயரை இதற்குச் சூட்டினார்கள். எந்த விண்டோ எதற்கு என்று ஒப்பிட்டு ஃப்ரெட்ரிக் ஹாரிஸ் எழுதிய கட்டுரை 1978-ல் வந்தது.

என் கருவியில் ஹான்தான் இருந்தது. அடி விழுந்த கணம் திரையின் இடது ஓரத்தில். ஹான் அதைத்தான் பூஜ்ஜியமாக்கியது. உயர்ந்த ஒலிகள் சீக்கிரம் அடங்குபவை; ஐந்தாவது ஒலி பெரும்பாலும் அந்த ஓரத்திலேயே முடிந்துவிட்டது.

செவ்வக விண்டோவுக்கு மாற்றினேன். அடிக்குச் சற்று முன்னால் தொடங்கி, ஒலி முழுக்க அடங்கும்வரை பதிவு செய்தேன். இரண்டு ஓரமும் மௌனம், அதனால் கசிவும் இல்லை. ஐந்தாவது முகடு வந்துடுச்சு. இன்னொரு லாபமும் உண்டு: 0.2 விநாடிப் பதிவில் செவ்வகத்தின் முகடு 10 ஹெர்ட்ஸ் அகலம், ஹானில் 20. நெருங்கிய முறைகளைப் பிரிக்க இது முக்கியம்.

நான் இப்போ வச்சிருக்கிற கணக்கு இதுதான்: அடித்து அடங்கும் ஒலிக்குச் செவ்வகம், தம்பூரா போல நீடிக்கும் ஒலிக்கு ஹான், உயரத்தைத் துல்லியமாக அளக்க ஃப்ளாட் டாப். அடுத்த வாரம் தொப்பிப் பக்கம்.