பகாங் பெற்றதும் பேராக் இழந்ததும்

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளித்தேர் வழியில் ஓர் எல்லையைக் கடக்கிறது. ஆலயம் இருப்பது கூட்டரசுப் பிரதேசத்தில். மலை இருப்பது சிலாங்கூரில். அவ்வெல்லை எவ்வாறு தோன்றிற்று என்று ஆராயப்புகுந்தால், சிறு நாடுகள் பெரிய பொருளாதாரக் கூட்டில் சேர்வதால் நன்மை பெறுகின்றனவா என்னும் வினாவில் போய் நிற்போம்.

1895ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றின் ஆட்சியாளர்கள் பிரிட்டிஷாருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மறு ஆண்டு ஐக்கிய மலாய் மாநிலங்கள் அமைந்தன. கோலாலம்பூர் தலைநகராயிற்று, பிராங்க் சுவெட்டன்ஹம் முதல் தலைமை ரெசிடெண்ட் ஆனார். ஆட்சியாளர்கள் தாமே விரும்பிச் சேர்ந்தனர் எனல் மிகை. அவரவர் அரசவையில் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அமர்ந்திருந்தார்.

பேராக்கும் சிலாங்கூரும் ஈய ஏற்றுமதித் தீர்வையால் செழித்திருந்தன. பகாங்கோ, 1891இல் டத்தோ பகாமான் தொடங்கிய கிளர்ச்சியின் செலவாலும் கடனாலும் நலிந்திருந்தது. தேவைப்படும் மாநிலத்துக்கு ஏனையவை ஆளும் பொருளும் தந்து உதவ வேண்டும் என்று உடன்படிக்கையே விதித்தது. பகாங்கிற்குப் பணம் வந்தது; மலைத்தொடரைக் கடந்து சிலாங்கூரிலிருந்து சாலை சென்றது. தனித்து நின்றிருந்தால் அந்நாடு இவற்றை அத்துணை விரைவில் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

கொடுத்தவர் நிலை யாது? ஆட்சியாளர்களின் அதிகாரம் எவ்வகையிலும் குறையாது என்று அதே உடன்படிக்கை உறுதியளித்திருந்தது. ஆயின் வரவு செலவும் துறைகளும் ஒவ்வொன்றாகக் கோலாலம்பூரை வந்தடைந்தன. 1903இல் இந்நகரில் கூடிய ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இதனைக் குறித்துத் தம் மனக்குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். தீர்வு 1909இல் வந்தது; கூட்டாட்சி மன்றம் என்னும் உருவில். அங்கே தலைமை வகித்தவர் உயர் ஆணையர். சுல்தான்கள் வெறும் உறுப்பினர்கள். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நோய்க்கு மருந்து கேட்டவனுக்கு நோயையே இரட்டித்துக் கொடுத்த கதை இது! 1927இல் அவர்கள் அம்மன்றத்தை விட்டு விலகினர்.

ஜொகூர் கூட்டில் சேரவில்லை. எனினும் 1909இல் அதன் நிலத்தின் ஊடே இருப்புப்பாதை முடிவுற்றது. அதனை நடத்தியது ஐக்கிய மலாய் மாநில இரயில்வே. கூட்டின் பயனை வெளியே நின்றும் பெறலாம் போலும். ஆனால் 1914இல் ஜொகூரும் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்ததை மறத்தலாகாது.

அவ்விரயில்வேயில் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் சிந்திய வியர்வையை நம் மாணவர் அறிவர். கூட்டு வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

சிங்கப்பூரின் கதை வேறு. 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது பொதுச் சந்தை அமையும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் பிரியும்வரை அச்சந்தை உருவாகவில்லை. பின்னர் அத்தீவு உலகச் சந்தையை நாடி வளர்ந்தது.

ஆகவே கூட்டின் பரப்பைக் காட்டிலும், பெட்டியின் சாவி யாரிடம் என்பதே முதற்கண் கேட்கத்தக்கது என்பேன். வறிய உறுப்பினருக்குக் கூட்டு பொருளைத் தந்தது. செல்வமுடைய உறுப்பினரிடமிருந்து பொருளோடு குரலையும் வாங்கிக்கொண்டது.

விடுதலைக்குப் பின்னும் சிலாங்கூர் ஒருமுறை கொடுத்தது. 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூர் தன் தலைநகரை ஷா ஆலாமுக்கு மாற்றிக்கொண்டது. பத்துமலை சிலாங்கூரிலேயே தங்கிவிட்டது. கிள்ளான் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில், எல்லையருகே நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு, அந்த ஒப்படைப்பின் நினைவாக எழுப்பப்பட்டதாகும்.