தெருவில்லாமல் விற்ற நிலம்

பிரெஞ்சில் 'மல் லொத்தி' என்றொரு சொல் உண்டு. பங்கு பிரித்தபோது மோசமான பங்கு கிடைத்தவன் என்று பொருள். 1920களில் இந்தச் சொல் பாரிசின் புறநகர்களில் ஒரு கூட்டத்தாருக்கே பெயராயிற்று. இன்று எங்களவர் பலர் குடியிருக்கும் பொபினி, திறான்சி, ஒல்னே, வில்பந்த் பக்கங்களில் காணித்துண்டு வாங்கி ஏமாந்த தொழிலாளர்களே அவர்கள்.

முதலாம் உலகப் போருக்குப் பின் பாரிசில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. புறநகரிலோ பழைய பண்ணைகளும் பிரபுக்களின் தோட்டங்களும் மலிவாகக் கிடந்தன. வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கித் துண்டு போட்டுத் தவணைக்கு விற்றார்கள். அவர்களுடைய கணக்கு எளிமையானது. கல்தெரு, தண்ணீர்க் குழாய், கழிவு வாய்க்கால் ஆகிய மூன்றின் செலவையும் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அவ்வளவும் லாபம். தெருவுக்கு விடும் நிலம் விற்கமுடியாத நிலம் என்பதால் தெருவையும் ஒடுக்கினார்கள்.

வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையும் தகரமும் கொண்டு தாங்களே குடில் கட்டினார்கள். மழை பெய்தால் சேறு. குடிக்கும் தண்ணீரை வாளியில் சுமந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. துண்டு போடுமுன் திட்டம் காட்டவேண்டும் என்றது 1919ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதற்குப் பல்லில்லை. வேலைகளை முடிக்காமல் விற்கக்கூடாது என்றது 1924ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குள் விற்றாகிவிட்ட நிலத்துக்கு அது உதவவில்லை. ஏமாந்தவர்கள் சங்கம் கூடினார்கள். கம்யூனிஸ்டுகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். புறநகர் சிவப்பதைக் கண்டு அரசு கலங்கியது. 1928 மார்ச் 15இல் உள்நாட்டு அமைச்சர் அல்பேர் சறோவின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. வேலைச் செலவில் பாதியை அரசு தரும். மீதியைக் குடியிருப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து கடன்பட்டுக் கட்டவேண்டும்.

ஆக, நிலத்துக்கு ஒருமுறை கொடுத்தவன் தெருவுக்கு மறுமுறை கொடுத்தான். மற்றப் பாதியை நாட்டின் வரிப்பணம் கொடுத்தது. விற்றவர்கள் லாபத்தோடு எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளே நினைவுக்கு வந்தன. சகோதரர்கள் இரண்டு பரப்பைப் பிரித்தாலும் வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று எழுதி வைப்பார்கள். வழியில்லாத பங்கு பங்கல்ல என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலா பாரிஸ் வியாபாரிகள் விற்றார்கள்? அவர்களுக்கும் தெரியும். அந்தச் செலவை அடுத்தவன் தலையில் கட்டலாம் என்பதும் தெரியும்.

கோப்பை கழுவிச் சேர்த்த காசில், கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து ஊரிலே காணி வாங்குவோர் எங்களுக்குள் இருக்கிறார்கள். பரப்பு என்ன விலை என்பது அவர்களுடைய முதற் கேள்வி. அது மூன்றாவது கேள்வியாக இருக்கட்டும். ஒழுங்கை எத்தனை அடி, அது யாருடைய பெயரில் இருக்கிறது? மாரி வெள்ளம் எந்தப் பக்கம் வடியும், அந்த வாய்க்காலை யார் வெட்டுவது? இவற்றுக்கு உறுதியிலே பதில் இல்லையென்றால் அந்தச் செலவும் வாங்குகிறவனுக்குத்தான்.